ரோமையும் ஏதென்ஸையும் நம்ம தெருவிலேயே படிப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் செவ்வியல் உலகம் என்று ஒரு பாடம் இருக்கிறது. கிரேக்கமும் ரோமும் அதில்தான் வரும். பிள்ளைகள் அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ் என்று பெயர்களை உருப்போட்டு எழுதிவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். நான் தண்டையார்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் ஹார்பரிலோ, காசிமேட்டிலோ, மணலி பக்கம் ஒரு கம்பெனியிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். இந்தப் பாடத்தை இவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகள் சென்னையில் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன். துறைமுகம், தெருக்குழாய், ரேஷன், தண்டல், சங்கம், சாவு ஊர்வலம் எல்லாம் இவர்கள் தினம் பார்த்து வளர்வது. அந்தப் பழைய நகரங்களின் வாழ்க்கையும் இவற்றைச் சுற்றித்தான் ஓடியது. பக்கத்தில் நின்று கைகாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். டீச்சராக இருக்க வேண்டும் என்பதில்லை. காலேஜ் படிக்கிற அக்காவோ அண்ணனோ போதும். நான் செய்கிற விதத்தை எழுதுகிறேன்.

ராஜாக்களை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஆரம்பியுங்கள்

முதல் வகுப்பை மொட்டை மாடியில் வையுங்கள். ஹார்பர் கிரேன் தெரிகிற மாடிகளுக்கு ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பஞ்சமில்லை.

ஏதென்ஸ் என்றதும் குன்றின் மேல் இருக்கும் பார்த்தினான் கோயிலின் படத்தைத்தான் புத்தகத்தில் போடுவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஏதென்ஸிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில் பிரேயஸ் என்ற துறைமுக ஊர் இருந்தது. ஏதென்ஸ் மக்கள் சாப்பிட்ட கோதுமையில் பெரும்பங்கு கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து அங்கேதான் இறங்கியது. மிலேட்டஸ் ஊர்க்காரரான ஹிப்போடாமஸ் என்பவர் நேர் நேராகத் தெரு போட்டு அந்த ஊரை அமைத்தார். தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இதைப் படம் போட்டுக்கூட விளக்க வேண்டாம்.

பிரேயஸில் வெளியூர்க்காரர்கள் நிறைய. மெட்டிக் என்று அவர்களுக்குப் பெயர். ஆண் என்றால் ஆண்டுக்கு 12 திராக்மா (ஏதென்ஸ் காசு) வரி கட்ட வேண்டும். சொந்தமாக நிலம் வாங்க முடியாது, ஓட்டு கிடையாது, ஆனால் போர் வந்தால் ஏதென்ஸுக்காகப் போய் நிற்க வேண்டும். கப்பல் வேலை, வியாபாரம், கைத்தொழில் எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் தெருவில் யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். தெலுங்கு பேசுகிற குடும்பங்கள், திருநெல்வேலிக்காரர் மளிகைக் கடை, சௌகார்பேட்டை சேட்டுகள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து அத்தோ கடை போட்டவர்கள், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கிற தம்பிகள். ஒரு துறைமுக ஊர் எப்படி ஆள் சேர்க்கிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். வித்தியாசத்தையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்: பீகார் தம்பி இந்தியக் குடிமகன், இங்கேயே குடியிருந்தால் ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். மெட்டிக்கின் பேரனுக்குக்கூட அது கிடையாது.

அப்புறம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. முப்பது பேர் கையில் ஆட்சி போனது. வேண்டாதவர்களைக் கொன்றார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள். ஊரை விட்டு ஓடியிருந்து அடுத்த ஆண்டு த்ராசிபுலஸ் தலைமையில் திரும்பி வந்தவர்கள் பிரேயஸில் இருந்த முனிக்கியா குன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மக்களாட்சி திரும்ப வந்தது. நகரத்துக்குள் இருப்பவர்களைவிட பிரேயஸ்காரர்களுக்கு மக்களாட்சியில் பிடிப்பு அதிகம் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பெண் பிள்ளை, "அப்போ ஹார்பர் ஜனங்கதான் காப்பாத்தினாங்களா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்துக்கு அவள் ஒரு நாளும் லீவு போடவில்லை.

மூன்று கேள்வி, ஒரு கோடு

எதை ஒப்பிட்டாலும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். இதற்குக் காசு கொடுப்பது யார்? தூக்கிச் சுமப்பது யார்? வரிசையில் நிற்பது யார்? நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, இடது பாதியில் நம் தெரு, வலது பாதியில் பழைய ஊர். கீழே ஒரு கோடு போட்டு, எது ஒத்துப்போகவில்லை என்பதை அங்கே எழுத வேண்டும். கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாத பக்கத்தை நான் திருத்தித் தருவதில்லை. "அவங்களும் நம்மள மாதிரிதான் மிஸ்" என்று முடித்துவிடுவது சுலபம். அப்படி முடித்தால் பிள்ளை புதிதாக எதையும் தெரிந்துகொள்ளாது.

இன்னொன்று. யவனர் கப்பல் இங்கே வந்தது, மிளகு வாங்கியது என்ற கதையை யாராவது ஆரம்பிப்பார்கள். அருமையான கதைதான், ஆனால் அது வியாபாரத் தொடர்பு பற்றிய வேறு பாடம். இந்தப் பாடத்தோடு கலந்தால் இரண்டுமே குழம்பும்.

தண்ணீர்

இதற்கு ஒரு முழு வகுப்பு கொடுங்கள். தெருமுனையில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், மெட்ரோ வாட்டர் லாரி வருகிற நேரமாகப் பார்த்து.

ரோமின் முதல் நீர்க்கால்வாய் கி.மு. 312இல் கட்டியது, அப்பியா என்று பெயர். கி.பி. 97இல் ஃப்ரான்டினஸ் என்பவர் நகரத்தின் தண்ணீர் அதிகாரியாகப் பொறுப்பேற்றபோது ஒன்பது கால்வாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேரரசர் அனுமதி கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் வீட்டுக்குள் தனிக் குழாய். எவ்வளவு தண்ணீருக்கு அனுமதியோ அந்த அளவில் முத்திரை குத்திய வெண்கல மூக்கை (குழாய் முனையை) தொட்டியில் பொருத்த வேண்டும். மற்ற எல்லோருக்கும் தெருவில் கல்தொட்டிதான். அங்கே பிடித்து மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ஃப்ரான்டினஸ் எழுதிவைத்த கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அவர் கண்டுபிடித்த திருட்டுகளைப் படித்தால் தண்டையார்பேட்டையில் நடப்பது போலவே இருக்கும். முத்திரை இல்லாத பெரிய மூக்கைப் பொருத்துவது, பூமிக்கடியில் போகும் குழாயில் வழி நெடுகத் துளை போட்டுக் கடைகளுக்குத் தண்ணீர் விற்பது, அதற்குத் தண்ணீர்த் துறை ஆட்களே உடந்தையாக இருப்பது. இங்கே தெருக்குழாய் லைனில் மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுகிற வீடுகள் எது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்; பெயர் சொல்ல விடாதீர்கள், சண்டை வரும். மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கேளுங்கள்.

பாம்பேய் என்ற ரோமானிய ஊர் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்துபோனது. அதனால் அதன் தெருக்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன. அங்கே தெருமுனைத் தொட்டிகளின் கல் விளிம்பில், குழாய்க்கு இரண்டு பக்கமும், வழவழப்பாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. குனிந்து தண்ணீர் பிடித்தவர்கள் கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். போனில் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, நம் தெருவில் தேய்ந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அடிபம்பின் கீழே சிமெண்ட் மேடையில் குடம் வைத்து வைத்து வட்டமாகக் குழிந்த இடத்தைக் காட்டினான். பம்பின் கைப்பிடியில் பாதி வரைக்கும் பெயிண்ட் போய் இரும்பு பளபளவென்று இருக்கும். குட்டிப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிற முனைப் பக்கத்தில் இன்னும் அதிகம். வரலாற்று ஆய்வாளர்கள் பார்ப்பது இதைத்தான் என்று சொன்னால் பிள்ளைகள் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதையாவது தடவிக்கொண்டே போவார்கள்.

கோட்டுக்குக் கீழே எழுத வேண்டியது: ரோமின் தண்ணீர் மலையிலிருந்து சரிவில் தானாக ஓடி வந்தது, இரவு பகலாக நிற்காமல். மிஞ்சியது சாக்கடையைக் கழுவிக்கொண்டு போனது. நமக்குப் புழலிலிருந்தும் மீஞ்சூர் கடல்நீர் ஆலையிலிருந்தும் பம்ப் பண்ணி, நேரம் பார்த்துத்தான் விடுகிறார்கள். நம் வரிசையும் நம் குடத்துச் சண்டையும் அந்த நேரக் கணக்கால் வருவது. ஏழுகிணறு பக்கம் போக முடிந்தால் போங்கள். கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1772இல் தோண்டிய கிணறுகளால் அந்தப் பகுதிக்கு அந்தப் பெயர். தண்ணீர் யாருக்கு முதலில் போனது என்ற கேள்வியை அங்கேயும் கேட்கலாம்.

ரேஷன்

கி.மு. 123இல் கேயஸ் கிராக்கஸ் என்ற மக்கள் தலைவர் கொண்டுவந்த சட்டத்தால் ரோமில் குறைந்த விலைக்குக் கோதுமை கிடைத்தது. கி.மு. 58இல் க்ளோடியஸ் அதை இலவசமாக்கினார். பட்டியலில் பெயர் இருந்தால் மாதம் ஏறக்குறைய 33 கிலோ. பட்டியல் வீங்கி 3,20,000 பேர் ஆனபோது ஜூலியஸ் சீசர் அதை 1,50,000 ஆகக் குறைத்தார். எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிற கப்பல் தாமதமானால் ரோமில் கலவரம். நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். இதைப் பிள்ளைகளே இணைத்துவிடுவார்கள், நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை.

ஒரு கதை மட்டும் சொல்லிவிடுங்கள். கிராக்கஸின் சட்டத்தை எதிர்த்துப் பேசிய பீசோ என்ற பெரிய மனிதர், சட்டம் வந்ததும் கோதுமை வாங்க வரிசையில் வந்து நின்றார். கிராக்கஸ் காரணம் கேட்டார். "என் சொத்தை நீ பங்கு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போட்டால் என் பங்கை வாங்காமல் விடமாட்டேன்" என்கிற மாதிரி பதில் சொன்னார் பீசோ. கார் வைத்திருப்பவர்கள் ரேஷனில் அரிசி வாங்கலாமா என்று நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் அவ்வளவு பழையது. வித்தியாசம்: ரோமின் பட்டியலில் இருந்தது ஆண் குடிமக்கள். நம் கடை வரிசையில் நிற்பது பெரும்பாலும் அம்மாவும் ஆயாவும்.

சுவர்

தேர்தலுக்கு ரொம்ப நாள் முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரும் வருஷமும் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள் அல்லவா? பாம்பேயிலும் சுவருக்கு வெள்ளையடித்துத்தான் எழுதினார்கள், பெரும்பாலும் சிவப்பில். அந்தத் தேர்தல் எழுத்துகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பழக்கடைக்காரர்கள் எல்லோரும் ஹோல்கோனியஸ் பிரிஸ்கஸ் என்ற வேட்பாளருக்கு ஆதரவு என்று ஒரு சுவர் சொல்கிறது. இன்னொரு சுவரில், ராத்திரி நேரம் கழித்துக் குடிப்பவர்கள் எல்லோரும் வாட்டியாவுக்கு ஆதரவு என்று இருக்கிறது. அது எதிராளி வேலையாக இருக்கலாம் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது ஒரு கிளாடியேட்டர் சண்டை விளம்பரம். என்று நடக்கும், எத்தனை ஜோடி மோதும், வெயிலுக்குப் பந்தல் உண்டு என்றெல்லாம் எழுதிவிட்டு, எழுதியவர் தன் பெயரையும் சேர்த்திருக்கிறார்: ஏமிலியஸ் கேலர், தனியாக, நிலா வெளிச்சத்தில் எழுதியது. இன்னொரு சுவரில் விளக்குப் பிடிப்பவனை ஏணியைப் பிடிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. ராத்திரியில் எழுதுவதும், துணைக்கு ஒரு ஆள் ஏணி பிடிப்பதும், ஓரத்தில் பெயர் போடுவதும் நம் சுவர் ஆர்ட்டிஸ்டுகள் செய்கிற அதே வேலை.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்ததற்குப் பிறகு வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. பிள்ளைகளை அவரிடம் அழைத்துப் போனேன். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் சுண்டினார். சுவரில் மயிரிழை போல நேர்கோடு விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் பென்சில் வைக்காமலேயே 'வா' எழுதிக் காட்டினார். துணைக்கால் கோட்டைத் தொட்டு நின்றது. ஒரு எழுத்துக்குப் பிரஷ்ஷை எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாம்பேய் சுவர்களிலும் எழுத்து ஒரே சீராக இருக்கிறது, பட்டைப் பிரஷ்ஷின் தடம் தெரிகிறது. உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கண்டுபிடித்து அழைத்துப் போங்கள், சும்மா போகாமல் அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள்.

தண்டலும் வண்ணாரப்பேட்டையும்

தண்டல் எல்லோருக்கும் தெரியும். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்து, தினமும் வந்து வசூல் பண்ணுவார்கள். பாம்பேயில் ஒரு சுவரில் கீறி வைத்திருக்கிறார்கள்: ஜூலை 15, காதணியை ஃபாஸ்டில்லாவிடம் அடகு வைத்தது, 2 டெனாரியஸுக்கு (வெள்ளிக் காசு) ஒரு செப்பு ஆஸ் வட்டியாகக் கழித்துக்கொண்டாள். ஒரு டெனாரியஸ் 16 ஆஸ். ஆக 32இல் ஒன்று போனது. கணக்குப் போடச் சொல்லுங்கள். அதிலேயே ஒரு கால் மணி நேரம் போய்விடும். சில பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுத் தண்டல் எவ்வளவு அநியாயம் என்பது அப்போதுதான் உறைக்கும். வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்ல வற்புறுத்தாதீர்கள்.

வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள் குடியேறிய இடம். ரோமில் துணி வெளுப்பவர்கள் தொட்டிக்குள் நின்று காலால் மிதித்தார்கள், அழுக்கெடுக்கச் சிறுநீரைச் சேர்த்தார்கள். பேரரசர் வெஸ்பாசியன் அந்தச் சிறுநீருக்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது வரிக்காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், தொட்டிக்குள் நின்றவர்களில் பலர் அடிமைகள் என்பதைச் சொல்லுங்கள்.

ஓரடுக்கு மேல் ஓரடுக்காக வாடகை வீடு, கீழே கடை, உச்சி மாடியில் ஏழை என்று ரோம் இருந்ததையும், பேரரசர் அகஸ்டஸ் வீட்டு உயரத்துக்கு 70 அடி வரம்பு வைத்ததையும் வாரியக் குடியிருப்பு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பகலில் சரக்கு வண்டி ரோமுக்குள் வரக்கூடாது என்று சீசர் காலத்திலிருந்து சட்டம். அதனால் ராத்திரி முழுக்க வண்டிச் சத்தம். எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பக்கத்தில் தூங்குகிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

மீன்

காசிமேட்டுக்கு வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. ஏலம் விடுகிற அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் குறுக்கே நிற்கக்கூடாது. கூடையைக் கவிழ்த்ததும் விலை ஏறுகிற வேகத்தைப் பிள்ளைகள் கவனிக்கட்டும்: யார் கண்ணால் காட்டுகிறார், யார் வாயால் கேட்கிறார், கடைசியில் யார் பெயரில் முடிகிறது.

இயாசஸ் என்று ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) கரையில் ஒரு கிரேக்க ஊர். மண் வளம் இல்லாததால் கடலை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே ஒரு யாழ்க் கலைஞர் கச்சேரி செய்துகொண்டிருந்தார். மீன் சந்தை மணி அடித்தது. எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள், காது மந்தமான ஒருவரைத் தவிர. கலைஞர் அவரிடம் வந்து, மணி அடித்தும் போகாமல் என் சங்கீதத்துக்கு மரியாதை கொடுத்தீர்களே என்று நன்றி சொன்னார். "என்ன, மணி அடித்துவிட்டதா? சரி, வருகிறேன்" என்று அவரும் கிளம்பிவிட்டார். ஸ்ட்ராபோ என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதிவைத்த கதை இது. காசிமேட்டிலேயே நின்று சொன்னால் அதற்கு ருசி தனி. பெரிய மீன் காசுள்ளவர்களுக்கும், ஃபலேரான் கரையில் கிடைத்த நெத்திலி மாதிரிப் பொடி மீன் ஏழைகளுக்கும் என்று ஏதென்ஸில் பிரிந்திருந்தது. வஞ்சிரம் யார் வாங்குகிறார்கள், நெத்திலி யார் வாங்குகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

சாவும் சங்கமும்

இதை டியூஷனில் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேளம், பூ, பட்டாசு, ராத்திரி முழுக்க மரண கானா என்று ஒரு மனிதரை அனுப்பி வைக்கிற ஊர் நம்முடையது. அதைக் கேலியாகப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கி.மு. 450 வாக்கில் எழுதிய ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம், சாவு ஊர்வலத்தில் பத்துக் குழல்காரர்களுக்கு மேல் கூடாது என்றும், பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு அங்கே அது நடந்திருக்கிறது. ஒப்பாரி வைக்கக் கூலிக்குப் பெண்களும் வந்தார்கள்.

அப்புறம் லனுவியம். ரோமுக்குப் பக்கத்து ஊர். கி.பி. 136இல் அங்கே ஏழைகள் சேர்ந்து நடத்திய ஒரு சாவு நிதிச் சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. சேர 100 செஸ்டர்ஸும் (இதுவும் ரோமானியக் காசு) ஒரு ஜாடி நல்ல ஒயினும். மாதம் 5 ஆஸ். இறந்தால் அடக்கச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ், அதில் 50 சிதைக்கு வந்தவர்களுக்குப் பங்கு. வெளியூரில் ஒருவர் இறந்து தகவல் வந்தால் மூன்று பேர் போய்க் காரியத்தைப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு வழிச்செலவு உண்டு. விருந்தில் இடம் மாறி உட்கார்ந்து கலாட்டா செய்தால் 4 செஸ்டர்ஸ் அபராதம், ஒருவரைத் திட்டினால் 12. நம் தெருச் சங்கங்களில் நோட்டு எழுதுகிற பெரியவர் யாரையாவது அழைத்து, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பக்கத்து ஐயா ஒவ்வொரு விதிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, "கட்டாம விட்டவனுக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. சங்கத்தில் அடிமைகளும் உறுப்பினர்கள். ஒரு அடிமை இறந்து, அவருடைய எஜமான் அநியாயமாக உடலைக் கொடுக்க மறுத்தால், சங்கம் உடல் இல்லாமலேயே அவருக்கு ஈமச் சடங்கு செய்யும். மாதம் 5 ஆஸ் கட்டியவரின் பிணம்கூட அவருக்குச் சொந்தமில்லை. இந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

ஒருவனாவது, "எங்க அப்பாவும் அடிமை மாதிரிதான் மிஸ் வேலை செய்றாரு" என்பான். அவன் சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள், அப்படியே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ஏதென்ஸின் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சி செல்ல வேண்டுமானால் சித்திரவதை செய்துதான் வாங்க வேண்டும். லாரியான் வெள்ளிச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை அடிமை, விற்கலாம். அப்பா வேலையை விட முடியும், வழக்குப் போட முடியும், சங்கத்தில் சேர முடியும். அந்த உரிமைகள் சும்மா வந்தவை அல்ல. 1918 ஏப்ரல் 27இல் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களை வைத்து, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று, சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இங்கே பெரம்பூர் பக்கம்தான் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது.

ரோமின் சங்கங்கள் கூலி பேசவில்லை, பேச விடவும் இல்லை. நிக்கோமீடியா நகரத்தில் தீ பரவியபோது, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். வேண்டாம், எந்தப் பெயரில் கூடினாலும் அது சீக்கிரமே அரசியல் கூட்டமாகிவிடும் என்று டிராஜன் மறுத்துவிட்டார். நெருப்பைவிட ஆள் கூடுவதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கோட்டுக்குக் கீழே இதை எழுத வைக்காமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தும் இன்னும் மரணங்கள் நடப்பதையும் அவர்களே எடுத்துப் பேசுவார்கள். பேசட்டும்.

கிளம்புவதற்கு முன்

ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். தெருவில் பேச்சு காதில் விழாது. யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, தண்டல் வசூலுக்கு வருகிறவரை எடுக்கவே கூடாது. பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாவு வீட்டுக்கு வகுப்பாகக் கூட்டிப் போகாதீர்கள், பிள்ளைகள் பார்த்ததை வைத்துப் பேசினால் போதும். பரீட்சைக்கு வேண்டிய ஆண்டும் பெயரும் நோட்டின் வலது பாதியிலேயே வந்துவிடும், தனியாக உருப்போட வைக்க வேண்டாம்.

காசிமேடு நடையை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, ஏலம் களைகட்டாது. தவறிப்போனால் தடைக்காலத்தில் படகு பழுது பார்ப்பவர்களிடம் அழைத்துப் போங்கள். அப்போது அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். பிரேயஸ் கப்பல் கொட்டகைகளையும், 170 பேர் துடுப்புப் போட்ட ஏதென்ஸ் போர்க்கப்பலையும் சொல்லிவிட்டு, மரம் எப்படி வளைகிறது, தண்ணீர் புகாமல் எப்படி அடைப்பது, கரையில் எத்தனை நாள் காய வேண்டும் என்று பிள்ளைகளையே அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.